ஏ-4 வீதியில் ஒரு பையனும் ஒரு நாவலும்



இலங்கையின் வீதிப் படத்தை விரித்து வைத்து, ஏ-4 என்று குறிக்கப்பட்டுள்ள கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடியும் அந்த வீதியின் நீளம் சுமார் 430 கிலோமீற்றர். நுகேகொடை, மஹரகம, அவிசாவளை என்று சன நெரிசலோடு புறப்பட்டு, மாணிக்கக் குழிகள் நிறைந்த இரத்தினபுரியையும் பலாங்கொடையையும் கடந்து, பெரகலையில் மலையின் விளிம்பைத் தொடுகிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகல வழியாகப் பொத்துவிலை அடைகிறது. அதன்பின் அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று கரையோரமாகவே வடக்கே செல்கிறது.

பயண நாவல் ஒன்று எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல வீதி கிடையாது. ஒரே நாளில் ஈர வலயம், மலை, வரண்ட காடு, கடற்கரை என அனைத்தையும் காட்டி விடும். வீதியைச் சொன்ன நான் கதாநாயகனையும் சொல்லி விடுகிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள 14 வயதுப் பையன் ஒருவனை ஜன்னலோர ஆசனத்தில் அமர்த்துங்கள்.

ஏன் அவனை? நமது ஊர்களில் கல்யாண வீட்டுக்கு வான் புறப்படும்போது, “இவன் உம்மம்மாவோட இருக்கட்டும்” என்று விட்டுச் செல்லப்படுபவன் அவன்தான். நமது கதைகளும் அவனை அப்படியே விட்டுவிட்டுச் சென்றிருக்கின்றன.

முதலில் அவனைப் பற்றிச் சரியாக அறிந்து கொள்ளுங்கள். ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் 1866இல் இந்நிலையை விவரித்தார். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே காரணம் என்பதை 1959இல் ஜெரோம் லெஜூனும் அவரது சகாக்களும் வெளிப்படுத்தினர். மூன்று, இருபத்தொன்று என்ற அந்த இலக்கங்களை ஒட்டியே மார்ச் 21ஆம் திகதியை 2012 முதல் ஐக்கிய நாடுகள் சபை உலக தினமாக அனுஷ்டித்து வருகிறது. கர்ப்ப காலத்தில் உம்மா எதைச் சாப்பிட்டார், எதைக் கண்டு பயந்தார் என்பவற்றுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் நாவலில் எந்தப் பாட்டியும் அப்படிச் சொல்லலாம். நாவல் அதை நம்பி விடக் கூடாது.

இத்தகைய பயணக் கதைகள் வேறு நாடுகளில் திரைப்படங்களாக வந்துள்ளன. 1996இல் வெளியான ‘எட்டாம் நாள்’ என்ற பிரெஞ்சு மொழிப் படத்தில் நடித்த பெல்ஜியக் கலைஞர் பஸ்கல் டுகேனுக்கு டவுன் சின்ட்ரோம் உண்டு. கான் விழாவில் சிறந்த நடிகர் விருதை அவர் சக நடிகருடன் பகிர்ந்து கொண்டார். ஆனால் அக்கதையில் வேலையே கதியென்று கிடந்த ஒரு மனிதரைத் திருத்திய பின் அந்த இளைஞன் இறந்து போகிறான். 2019இல் வந்த ‘த பீனட் பட்டர் ஃபல்கன்’ என்ற அமெரிக்கப் படத்திலோ, சக் கொட்சகன் நடித்த இளைஞன் மல்யுத்த வீரனாக வேண்டும் என்று விடுதியிலிருந்து தப்பி ஓடுகிறான். போகும் இடம் அவனே தெரிந்தெடுத்தது. நீங்கள் பின்பற்ற வேண்டியது இரண்டாவதையே. உங்கள் பையனுக்குக் கல்முனையில் ஒரு சொந்த வேலை இருக்கட்டும். சாச்சாவின் தோணியில் ஏறுவதாகவோ, கடன் கொடுத்த பந்தைத் திருப்பி வாங்குவதாகவோ கூட அது இருக்கலாம்.

இனி வீதிக்கு வருவோம். இப்பிள்ளைகளில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் இருதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். தசைகளும் தளர்வாக இருப்பதால் பலர் சீக்கிரம் களைத்துப் போவர். பெலிஹுல் ஓயாவில் இறங்கிக் கால் நனைக்க அவனுக்கு அரை மணி நேரம் தேவைப்பட்டால் நாவலும் அரை மணி நேரம் அங்கே நிற்கட்டும். அவனை இழுத்துக் கொண்டு ஓடாதீர்கள்.

பேசுவதைவிட அதிகம் விளங்கிக் கொள்பவர்கள் அவர்களில் பலர். காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதை இலகுவில் நினைவில் வைப்பவர்களும் உண்டு. ஆகவே பெரகலைச் சந்தியில் பெரியவர்கள் ஹப்புத்தளைப் பாதையில் தவறித் திரும்பும்போது, “இது இல்ல” என்று இரண்டே சொல்லில் அவன் சொல்லட்டும். எவரும் அதைக் காதில் வாங்காமல் மூடுபனிக்குள் மேலும் நான்கு கிலோமீற்றர் ஏறட்டும். உங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்து விடும்.

என் சகோதரியின் மகனுக்கும் டவுன் சின்ட்ரோம் உண்டு. அவனோடு இவ்வீதியில் சென்றபோது தியலும நீர்வீழ்ச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டு, “தண்ணி” என்றான். 220 மீற்றர் உயரம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சியம்பலாண்டுவவுக்கு முன்னால் வீதியோரம் அவித்த சோளம் விற்பவரிடம் தன் கையாலேயே காசு கொடுத்தான். அவர் மிச்சத்தை என்னிடம் நீட்டினார். மருமகன் அசையவில்லை, தன் உள்ளங்கையை விரித்தபடி நின்றான். அம்மனிதர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “மல்லி” என்று அழைத்து நாணயங்களை ஒவ்வொன்றாக அவன் கையில் எண்ணி வைத்தார். பஸ்ஸில் ஏறிய பின்பும் நெடுநேரம் அவன் கையைத் திறக்கவில்லை.

எப்போதும் புன்னகைக்கும் மலக்காக அவனை எழுதாதீர்கள். அவனுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், லாகுகலக் குளத்தில் யானைகள் நிற்கும்போது தூக்கமும் வரும். பொத்துவிலில் கடலைக் கண்டதும் அவன் ஞானி போல ஏதும் சொல்ல வேண்டியதில்லை. பசிக்கிறது என்று சொன்னால் போதும். முடிவில் அவனைச் சாகடிக்கவும் வேண்டாம், அதிசயமாகக் குணப்படுத்தவும் வேண்டாம். திரும்பி வரும் பஸ்ஸுக்கு அவனுக்கும் ஒரு டிக்கட் எடுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சகத்துக்கு ஓடாமல், உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டுக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். தாய் தந்தையருக்கு மட்டுமல்ல, அவனுக்கும்தான். எங்கே சிரிக்கிறான், எங்கே எழுந்து போகிறான் என்று பாருங்கள். அவன் எழுந்து போன பக்கங்களைத் திருப்பி எழுதுங்கள்.