ஓர் அட்டையில் இருவர்

சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவர் தம் இல்லத்திலிருந்த உருசிய இலக்கிய நூல்களை எம் துறை நூலகத்திற்கு அன்பளிப்பாக ஈந்தார். அவற்றிற்குப் பட்டியல் அட்டை எழுதும் பணியை யாமே விரும்பி ஏற்றோம். அன்பர் தந்த கையெழுத்துப் பட்டியலில் ‘புயல்’ நாடகத்திற்கு நேரே ‘ஏ. என். ஆஸ்த்ரோவ்ஸ்கி’ என்றும், ‘வீரம் விளைந்தது’ புதினத்திற்கு நேரே ‘என். ஏ. ஆஸ்த்ரோவ்ஸ்கி’ என்றும் இருந்தது. எழுத்துகள் இடம் மாறின போலும் எனக் கருதி, இரு நூல்களையும் ஒரே அட்டையில் பதிந்தோம்.

பின்னர் மாணவி ஒருவர், “புரட்சிக்குப்பின், பார்வையிழந்து படுக்கையில் கிடந்த நிலையிலும் ஆஸ்த்ரோவ்ஸ்கி ‘புயல்’ நாடகத்தைப் படைத்தார்” என்று கட்டுரையில் எழுதியிருந்தார். அந்நாடகமோ 1859ஆம் ஆண்டினது. யாம் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்தோம். “ஐயா, நம் நூலக அட்டையை நம்பித்தான் எழுதினேன்” என்றார் அவர். யாம் நாணித் தலைகுனிந்தோம்.

தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே வைப்பர். உருசியரோ தந்தை பெயரைத் தம் பெயரை அடுத்துத் தொடுப்பர். ஆகவே, ‘ஏ. என்.’ என்பார் அலெக்சாந்தர் நிக்கோலாயெவிச். நிக்கோலாயின் மகன் (1823–1886). ‘என். ஏ.’ என்பார் நிக்கோலாய் அலெக்சேயெவிச். அலெக்சேயின் மகன் (1904–1936). நாடக ஆசிரியர் மறைந்து 18 ஆண்டுகள் கழிந்த பின்னரே புதின ஆசிரியர் பிறந்தார். பார்வையிழந்தவர் இப்பின்னவரே.

தந்தை பெயரும் சில வேளை கைகொடாது. லியோ டால்ஸ்டாயும் (1828–1910) அலெக்சேய் டால்ஸ்டாயும் (1883–1945) நிக்கோலாயெவிச்களே. தந்தையர் மட்டும் வேறு. கான்ஸ்தாந்தீனின் மகனாகிய மற்றோர் அலெக்சேய் டால்ஸ்டாயும் (1817–1875) உளர். இங்கெல்லாம் ஆண்டே துணை. நம் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, இலக்கிய ஆசிரியரைப் பிறந்த ஆண்டால் குறிப்பதன் அருமை எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

பழைய அட்டையைக் கிழித்து இரண்டாக எழுதினோம். இரண்டாவதை அம்மாணவியே எழுதினார். குறைத்த மதிப்பெண்ணையும் மீட்டளித்தோம். மாணவச் செல்வங்களே! இருளில் கிடந்து ஒருவர் ஈட்டிய புகழை மற்றொருவர் பெயரில் எழுதுவது சிறு பிழையன்று. உரியது உரியவர்க்குச் சேராமற் போகும் அநீதியாகும். நூலைக் கையிலெடுக்கும்போது ஆசிரியரின் முழுப்பெயரையும் ஆண்டையும் ஒருமுறை நோக்குவீராக.