கட்டுநாயக்காவுக்குப் போகும் வழி

கொழும்பு விமான நிலையம் கொழும்பிலே இல்லை. பயணச்சீட்டிற் கொழும்பு என்றே பொறிக்கப்பட்டிருக்கும். விமானம் தரை தொடும்போதும் கொழும்பு வந்துவிட்டது என்றே அறிவிப்பர். ஆயினும், அவ்விமானம் வந்து நிற்கும் இடமோ கோட்டைப் பகுதியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கட்டுநாயக்கா. இந்த இடைவழியைப் பற்றி நம்மவர் அதிகம் சிந்திப்பதில்லை. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் மாதக் கணக்கில் அலைகின்ற குடும்பங்கள், விமான நிலையஞ் செல்வதற்கான வாடகை வண்டியை மட்டும் கடைசி நாள் மாலையிலே தேடத் தொடங்குகின்றன. கடலுக்கு அப்பாற் செல்லும் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகின்றது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழி என்றும் இவ்வளவு நீண்டதாக இருந்ததில்லை. இலங்கையின் முதல் விமான நிலையம் கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானையில் அமைந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதல் விமானம் வந்திறங்கியது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்தே புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரத்மலானை அடுத்த ஊர் போன்றது. மோறிஸ் மைனர் வாடகைக் கார் ஒன்றில் ஏறினால், பேச்சைத் தொடங்கி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கட்டுநாயக்காவோ போருக்காகப் பிறந்த தளம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டளவில், பிரித்தானிய விமானப் படையினர் நீர்கொழும்பு வாவிக்கு அருகே இதனை அமைத்தனர். 1957ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேறினர். 1960களிற் கனடா நாட்டின் உதவியோடு பெரிய ஜெட் விமானங்கள் இறங்கத்தக்க சர்வதேச நிலையமாக இது வளர்ந்தது. 1970ஆம் ஆண்டிற் பண்டாரநாயக்காவின் பெயர் சூட்டப்பட்டது. 1977இல் அப்பெயர் நீக்கப்பட்டு, 1995இல் மீண்டும் வழங்கப்பட்டது. பெயர் எவ்வாறு மாறினும் மக்கள் வாயில் அது கட்டுநாயக்காவாகவே நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் நம் பிள்ளைகள் பலர் குடியேறிய கனடா நாடே இந்நிலையத்தைக் கட்டியெழுப்பவும் கைகொடுத்தது என்பதை நினைக்குந்தோறும் வியப்பு உண்டாகின்றது.

வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் வண்டிக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை என்று செல்வது. மற்றது கிருலப்பனையில் பேஸ்லைன் வீதியைப் பிடித்துப் பொரளை, தெமட்டகொடை ஊடாகச் செல்வது. நம்மவர் பலர் முதலாவதையே விரும்புவர். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில் வாசலில் வண்டியை ஒரு கணம் நிறுத்தி, பூட்டிய கதவின் முன்னே நின்றாவது கும்பிட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். விமானம் பறப்பதற்கு முன்னரே தாய்மாரின் நேர்த்திக்கடன் பறந்துவிடும்!

இரு வழிகளும் களனி கங்கையிலே சந்திக்கின்றன. அங்கிருந்து மீண்டும் இரண்டாகப் பிரிகின்றன. பழைய வீதி பேலியகொடை, வத்தளை, மகாபாகை, கந்தானை, ஜா-எல, சீதுவை என ஊர் ஊராகச் செல்லும். தெருவோரத்திற் கண்ணாடிக் கூடுகளுக்குள் நிற்கும் புனிதர்களின் சிலைகள், கந்தானைப் புனித செபஸ்தியார் ஆலயம், பேக்கரிகள், தளபாடக் கடைகள் ஆகியவற்றைப் பார்த்தவாறே செல்லலாம். ஆனால், பஸ் வண்டிகளும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் நெருக்குகின்ற மாலை வேளையில், இக்குறுகிய தூரம் இரண்டு மணி நேரத்தையும் விழுங்கிவிடும்.

புதிய வழி அதிவேகப் பாதையாகும். 25.8 கிலோமீற்றர் நீளமுடைய இப்பாதை 2013ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27ஆம் திகதி திறக்கப்பட்டது. கங்கையைக் கடக்கும் இடத்தில் 2021ஆம் ஆண்டு முதல் கம்பி வடங்களாற் தாங்கப்பட்ட புதிய பாலமும் எழில்பட நிற்கின்றது. சுங்கக் கட்டணத்தைச் செலுத்தி உள்ளே நுழைந்துவிட்டால், அரை மணி நேரத்திற் கட்டுநாயக்கா வந்துவிடும். முச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இங்கு இடமில்லை.

விரைந்து செல்லும் இப்பாதையிலுங் கண்ணைத் திறந்திருப்பவர்க்குக் காட்சி உண்டு. களனி கங்கைக்கும் நீர்கொழும்பு வாவிக்கும் இடையே பரந்து கிடக்கும் முத்துராஜவெலைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகவே பாதை போகின்றது. விடியற்காலையிற் கோரைப் புற்களின் மேல் மெல்லிய பனிமூட்டம் படர்ந்திருக்கும். கொக்குகளும் நீர்க்காகங்களும் நீரோரத்திற் காத்து நிற்கும். 1802ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய ஹமில்ரன் கால்வாயும் இப்பகுதியிலேயே உள்ளது. தோணியிற் சரக்கேற்றிச் சென்ற நீர்வழி, ஊர்களை ஊடறுத்த தார் வீதி, தூண்களின் மேலும் மண்மேடுகளின் மேலும் ஓடும் அதிவேகப் பாதை ஆகிய மூன்றும் ஒரே கரையோரத்தில் அருகருகே கிடக்கின்றன. மூன்று காலங்களின் பயணங்களை ஒருங்கே காண்பதற்கு இதனிலுஞ் சிறந்த இடம் அரிது.

ஆயினும், தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வழி வெறும் காட்சியன்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் போர் நடந்த காலத்தில் எத்தனையோ ஆயிரம் இளைஞரும் யுவதியரும் இவ்வழியாகவே நாட்டைவிட்டுச் சென்றனர். நள்ளிரவில் வண்டி புறப்படும். சோதனைச் சாவடிதோறும் நிற்கும். அடையாள அட்டைகளைக் கையிலே பிடித்தவாறு மூச்சடக்கி இருப்பர். பெரும்பாலும் சிங்களம் அறிந்த சாரதியே எல்லோருக்குமாகப் பதில் சொல்லுவார். 2001ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி விமான நிலையந் தாக்கப்பட்டதன் பின்னர் சோதனைகள் மேலுங் கடுமையாயின. அந்நாளில் வாடகை வண்டியின் சாரதி கூலிக்கு வந்தவர் மட்டுமல்லர். ஒரு குடும்பத்தின் வாயும் துணையுமாக விளங்கியவர். 2009இற் போர் முடிந்த பின்பு பிறந்த பிள்ளைகள் இதனைப் பெரியோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இனி, பயணஞ் செய்வோர் கவனிக்க வேண்டிய சிலவற்றைக் கூறுவோம். சர்வதேச விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருத்தல் நலம். வழிக்குரிய நேரத்தை அதனோடு கூட்டிக் கணக்கிடுக. அலுவலகங்கள் திறக்கும், மூடும் வேளைகளில் நகர எல்லையைக் கடப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும். வாடகையை முன்னரே பேசி முடித்தல் வேண்டும். அதிவேகப் பாதையின் கட்டணம் அதனுள் அடங்குமா, வழியனுப்ப வந்தவர்களை மீண்டும் வீட்டிற் கொண்டுவந்து விடுவாரா, காத்து நிற்பதற்கு மேலதிகமாகக் கேட்பாரா என்பனவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். இக்காலத்திற் பிக்மீ, ஊபர் போன்ற கைத்தொலைபேசிச் செயலிகள் கட்டணத்தை முன்கூட்டியே காட்டுகின்றன. எனினும், விடியற்காலம் மூன்று மணிக்கு உடனே வண்டி கிடைக்கும் என்று நம்பியிருத்தல் தகாது. முதல் நாளே ஒழுங்கு செய்துகொள்க. பெட்டிகள் எத்தனை என்பதையுஞ் சொல்லிவிடுக. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் நிறைந்த இரண்டு பெரிய பெட்டிகள் சிறிய காரின் பின்புறத்திலே அடங்கமாட்டா.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் பலர் வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பைத் தொடாமலே கட்டுநாயக்காவை அடைகின்றனர். 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. இரவு முழுவதும் ஓட்டம். பிரயாணியை இறக்கிவிட்டு அதே சாரதி, அதே இரவின் களைப்போடு, உடனே திரும்பி ஓட்டுகின்றார். இவ்வாறு திரும்பும் வண்டிகள் விபத்துக்குள்ளாகும் செய்திகளை நாம் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கின்றோம். வெளிநாடு சென்ற மகன் இறங்கியவுடன் வீட்டுக்குத் தொலைபேசியிற் பேச முயலும்போது, இங்கே வழியனுப்பச் சென்றவர்கள் வைத்தியசாலையிற் கிடப்பதென்றால் அதனிலுங் கொடியது வேறு உண்டோ? நெடுவழி எனின் இரு சாரதிகளை அமர்த்துங்கள். அன்றேல் சாரதி நாலைந்து மணி நேரமாவது உறங்கியெழ இடமும் பொழுதுங் கொடுங்கள். அதற்காகும் செலவு வீண் செலவன்று. வாடகையிற் சில நூறு ரூபா குறைத்துவிட்டதாக மகிழ்வதிலும், ஓட்டுபவர் உறங்கினாரா, உண்டாரா என்று கேட்டறிவதே அறிவுடைமையாகும்.

அதிவேகப் பாதை நமக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் மிச்சப்படுத்தித் தந்துள்ளது. அந்த நேரத்தைப் படுக்கையிலே கழித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் ஓடுவோர் பலர். விமான நிலையத்தினுள்ளே பயணச்சீட்டில்லாதவர் ஓர் எல்லைக்கு அப்பாற் செல்ல இயலாது. அவ்வெல்லையிலே வரிசையும் ஒலிபெருக்கியும் அவசரமுமாக இருக்கும். ஆறுதலாக ஒரு வார்த்தை பேச முடியாது. ஆதலால், முன்போலவே நேரத்தோடு புறப்படுங்கள். மிச்சமான நேரத்தை வண்டியை விட்டு இறங்கிய பின் வாசலருகே செலவிடுங்கள். அம்மம்மா தன் பேரனின் தலையைத் தடவிக் கொள்ளட்டும். தந்தை, வீட்டிற் சொல்ல மறந்த புத்திமதியைச் சொல்லட்டும். சாரதியும் ஒரு கோப்பை தேநீர் அருந்தட்டும். அதன் பின்னர் பிள்ளை உள்ளே போகலாம். மற்றவர்கள் அவசரமின்றி வீடு திரும்பலாம்.