மல்லாட்டை வேகும் நேரம்

பங்குனி கடைசி. மானாம்பதி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் கூட்டிய அடுப்பு. அதன்மேல் அடி கறுத்த அலுமினியக் குண்டான். மூடி இல்லை, ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறார் ஆயா. சாக்கின் ஓரங்களில் ஆவி கசிகிறது. உப்புத் தண்ணீரும் செம்மண்ணும் சேர்ந்து வேகும் மணம் ரோட்டைத் தாண்டி நான் உட்கார்ந்திருக்கும் சிறுபாலத்துக் கட்டை வரை வருகிறது. இங்கே ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரோடும் பேசவில்லை.

குண்டானில் வேகிறது மல்லாட்டை. காஞ்சிபுரத்தில் வேர்க்கடலை என்பார்கள். உத்திரமேரூர் தாண்டி வந்தவாசிப் பக்கம் போகப் போக நாக்கு மல்லாட்டைக்கு மாறிவிடும். மல்லாக்கொட்டை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. மூட்டைகள் ஏலத்துக்கு வரும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அதற்கு இன்றும் 'மணிலா' என்று பெயர். மணிலாக்கொட்டைதான் வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது.

ஆயா அடுப்பில் தள்ளுவது வேலிக்காத்தான் சுள்ளி. தெற்கே சீமைக்கருவேலம் என்பது இதைத்தான். அதன் தாய்நிலம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும். வட பெருவில் இதன் நெருங்கிய உறவு மரம் ஒன்றின் காயைக் காய்ச்சிப் பாகெடுத்துப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். ஆக, அடுப்பில் எரிவதும் குண்டானில் வேகிறதும் இன்று ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பிறந்தவை. ஆயாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. விறகு புகையாமல் எரிய எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தொரட்டிக்கோலோடு இரண்டு பையன்கள் வருகிறார்கள். ஒருவன் சட்டையைப் பை மாதிரி மடித்துப் பிடித்திருக்கிறான், உள்ளே கொடுக்காப்புளி. வளையல் மாதிரி சுருண்டு, வெடித்த இடத்தில் இளஞ்சிவப்பாகச் சிரிக்கும் காய்கள். ஆயாவின் பேத்தி கைநீட்டி இரண்டு வாங்கிக்கொள்கிறாள். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை நகத்தால் உரிக்கிறாள். மேலே இருக்கும் கறுப்புத் தோல் போக வேண்டும், உள்ளே இருக்கும் பழுப்புத் தோலில் கீறல் விழக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு உரிக்கிறாள். கொட்டை வழுக்கிப் புழுதியில் விழுகிறது. அடுத்ததை எடுக்கிறாள்.

இந்த மரமும் மெக்சிகோவினுடையது. அங்கே 'குவாமூச்சில்' என்று சந்தையில் குவித்து விற்கிறார்கள், பழங்குடிகளின் நாவாட்டல் மொழியில் பிறந்த பெயர். பிலிப்பீன்ஸில் அது 'காமாச்சிலே'. ஆங்கிலேயன் வைத்த பெயர் மணிலாப் புளி. 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மெக்சிகோவின் அகாபுல்கோ துறைக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து போய்வந்தன. மணிலாவிலிருந்து பட்டும் பருத்தியும் போயின, மெக்சிகோவிலிருந்து வெள்ளி வந்தது. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அந்த வணிகத்தில் இருந்தது. மணிலா வியாபாரத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார்.

பஸ் வரவில்லை. கூட்டம் சேர்கிறது.

மல்லாட்டைக் கொல்லையிலிருந்து பெண்கள் நான்கு பேர் வருகிறார்கள். முழங்கால் வரை செம்மண். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கூலிக்கு அளந்து கொடுத்த காய். காலை முழுக்கக் கொடியைப் பிடுங்கி உதறி, நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்திருப்பார்கள். விரல் நுனி கறுத்திருக்கிறது. ஒருத்தி மூட்டையை இறக்கி, ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறாள். உடைத்து, உள்ளே பருப்பு திரண்டிருக்கிறதா என்று பார்க்கிறாள். தலையசைக்கிறாள். அந்த ஒரு தலையசைப்பை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லாட்டை வினோதமான பயிர். பூ வெயிலில் பூக்கும், காய் இருட்டில் காய்க்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஓர் ஊசி நீண்டு மண்ணுக்குள் இறங்கும். விழுது இறங்குது என்பார்கள், அப்போது மண் அணைப்பார்கள். தென் பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் பகுதியில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், இதே மாதிரி ஒருத்தி செடியைப் பிடுங்கி, காயை உடைத்துப் பார்த்து, திரண்டதை விதைக்கு ஒதுக்கியிருக்கிறாள். அவள் மகளும் பேத்தியும் அப்படியே செய்திருக்கிறார்கள். காட்டுக்கொடி பயிரானது அந்தக் கைகளால்தான். மெக்சிகோக்காரர்களின் பழைய பெயர் 'நிலத்துக் கக்காவோ' என்று பொருள்படும். நாமும் கேட்காமலே நிலக்கடலை என்றோம்.

1987-இல் பெருவின் வடகரையில், சிப்பான் என்ற ஊரில், தொல்லியலாளர் வால்டர் ஆல்வா ஒரு தலைவனின் கல்லறையைத் திறந்தார். ஏறக்குறைய 1700 ஆண்டுகள் பழையது. அவன் மார்பில் கிடந்த மாலையில் கோத்திருந்தவை முத்தும் இல்லை, பவளமும் இல்லை. நிலக்கடலைகள். வலப்பக்கம் பொன்னால் செய்தவை, இடப்பக்கம் வெள்ளியால் செய்தவை. ஓட்டின் இடுப்பும் நரம்பும்கூட விடாமல் உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு ராஜா பூண்டு போன பொருளை இங்கே பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார் ஆயா.

பிரேசிலில் ஜூன் மாதத் திருவிழாக்களில் கடலையை வெல்லப்பாகில் போட்டு வில்லைகளாக்கி விற்பார்கள். கோவில்பட்டிக்காரர் கையில் கொடுத்தால் தம் ஊர்ச் சரக்கு என்றே வாங்கிக்கொள்வார். கொய்யா என்பது போர்ச்சுகீசியரின் 'கொயாபா'. அன்னாசியும் பப்பாளியும் பெயரோடு வந்தவை. இதெல்லாம் பலரும் சொன்னதுதான்.

எதிர்க் கடையின் வாசலில் மிளகாய் காய்கிறது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், குடவோலை விதிகளை வெட்டியபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் குழம்பிலும் மிளகாய் இல்லை, காரத்துக்கு மிளகு இருந்தது. ஏரி வாரியத்துக்குப் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டவர்கள் மல்லாட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அறுநூறு ஆண்டுகள் கழித்துத்தான் வழி திறந்தது.

வழி திறந்த கப்பல்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெள்ளி வெட்ட அந்த மண்ணின் பிள்ளைகளையே கட்டாய வேலைக்கு இழுத்துச் சுரங்கத்தில் சாகவிட்டார்கள். அந்த வெள்ளிதான் அகாபுல்கோ வழியாகவும் கடல் கடந்தது. விதையைத் தந்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் முன்னோர்கள். கப்பல் ஏற்றியவன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, காய் ஆய்ந்தவள் பெயர் எங்கேயும் இல்லை.

வந்தவாசி போகும் பஸ் இன்னும் வரவில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் தோற்கடித்தார்கள், பள்ளிப் பாடத்தில் படித்தது. அங்கே போரிட்ட 79-ஆம் படைப்பிரிவு இரண்டே ஆண்டில், 1762-இல், சென்னையிலிருந்து கப்பலேறி மணிலாவைப் பிடித்தது. கூடவே சென்னைச் சிப்பாய்களும் போனார்கள். 1764-இல் ஊரை ஸ்பானியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படை திரும்பியது. சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைன்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண்கட்டி, பயிர்வைத்து வாழ்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இங்கே மணிலா என்ற பெயர் கொல்லையில் விளைகிறது, அங்கே நம் கரையிலிருந்து போனவர்களின் ரத்தம் ஓடுகிறது.

ஆயா சாக்கை விலக்குகிறார். ஒரு காயை எடுத்து ஊதி, நசுக்கிப் பார்க்கிறார். வெந்துவிட்டது. கூட்டம் நெருங்குகிறது. ஆழாக்கில் அள்ளி, மேலே கோபுரம் மாதிரி நிற்க வைத்துக் கொட்டுகிறார். பிறகு கொசுறாக ஒரு பிடி. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பிடி விழுந்துவிடுகிறது.

ஸ்கூட்டரில் வந்து நின்ற ஒரு தாய். முன்னால் நிற்கும் குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். "ஆயா, எனக்கு மல்லாட்ட" என்கிறது.

"அப்டி சொல்லக் கூடாது கண்ணு. வேர்க்கடலைன்னு சொல்லு. ஸ்கூல்ல சிரிப்பாங்க."

குழந்தை சொல்லவில்லை. ஆயாவைப் பார்க்கிறது. ஆயா பொட்டலத்தைக் கையில் வைத்து, "சூடு, ஊதித் தின்னு" என்றார். அவ்வளவுதான். அவர் முகம் மாறியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

பஸ் வந்தது. கொல்லையிலிருந்து வந்த நால்வரும் ஏறினார்கள். மூட்டைக்கு டிக்கெட் உண்டா என்று நடத்துநரோடு வாக்குவாதம். புழுதி அடங்கியபோது மரத்தடியில் ஓடுகளும் கறுப்புத் தோல்களும் மட்டும் கிடந்தன. பேத்தி கையை விரித்துக் காட்டினாள். ஒரு கொட்டை, பழுப்புத் தோலில் ஒரு கீறலும் இல்லாமல்.

அந்தத் தாய்க்கும், அவர்போல் நினைக்கிற எல்லோருக்கும் இது. மல்லாட்டை கொச்சைச் சொல் அல்ல. வங்கக் கடலைத் தாண்டி வந்த ஓர் ஊரின் பெயர் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேட்கட்டும், திருத்தாதீர்கள்.