கியூசெக்கா, டி.எம்.சி.யா?

காவிரித் தண்ணி பத்திப் பேச்சு வந்தா தஞ்சாவூர் பக்கம் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை தவறாம வந்து விழும். ஒண்ணு டி.எம்.சி., இன்னொண்ணு கியூசெக். "இன்னும் எத்தனை கியூசெக் பாக்கி வச்சிருக்காங்க?"ன்னு டீக்கடையில ஒருத்தர் கேட்பார். "இன்னைக்கு எத்தனை டி.எம்.சி. ஓடுது?"ன்னு பக்கத்துல இருக்கறவர் கேட்பார். ரெண்டுமே தலைகீழ் :-)

டி.எம்.சி. என்பது மொத்த அளவு. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. பத்தாயத்துல எவ்வளவு நெல் கிடக்குன்னு சொல்ற மாதிரி. கியூசெக் என்பது ஓட்டம். வினாடிக்கு ஒரு கன அடி, சுமார் 28 லிட்டர். பத்தாயத்தைத் திறந்தா நெல் எவ்வளவு வேகமா கொட்டுதுன்னு சொல்ற மாதிரி.

ரெண்டையும் இணைக்க ஒரே ஒரு எண் போதும்: 11,574. அத்தனை கியூசெக் ஒரு முழு நாள் ஓடினா 1 டி.எம்.சி.

இப்ப மேட்டூருக்கு வாங்க. 120 அடி நிரம்பினா 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாம 20,000 கியூசெக் திறந்தா 54 நாள்ல காலி. குறுவைக்கே நூறு நாளுக்கு மேல வேணுமே! அணை நிரம்பிடுச்சுன்னு கொண்டாடுறப்பவும் விவசாயி வானத்தைப் பார்க்கறது இதனாலதான்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி, பத்து நாளைக்கு 15,000 கியூசெக் திறக்கணும்னு உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவு போட்டது. (சில நாள்லயே அது 12,000 ஆனது வேற கதை.) "தினமும் 15,000 கன அடி"ன்னு பலரும் பேசிக்கிட்டாங்க. உண்மையிலேயே நாளைக்கு 15,000 கன அடின்னா, அது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில முப்பத்தஞ்சு லோடு. அவ்வளவுதான்! வினாடிக்கு 15,000 என்றால்தான் பத்து நாள்ல கிட்டத்தட்ட 13 டி.எம்.சி. ஒரு 'வினாடிக்கு' விட்டுப்போனா ஆறே காணாமப் போயிடுது.

2018 தீர்ப்புப்படி நமக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. ஆனா மொத்தக் கணக்கு மட்டும் சரியா வந்தாப் போதாது. வெள்ளமா ஒரே மூச்சுல வந்தா கொள்ளிடம் வழியா கடலுக்குப் போகும். சொட்டுச் சொட்டா வந்தா தலைஞாயிறு, வேதாரண்யம் மாதிரி கடைமடைக்கு ஏறாது. அதனால ரெண்டு வார்த்தையும் வேணும், அதது அததுக்கான இடத்துல.

அடுத்த தடவை யாராவது "பத்தாயிரம் திறந்துட்டாங்க"ன்னு சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. வினாடிக்கா? எத்தனை நாளைக்கு?