முன்னால் போனவர்கள்

ஜெர்மனியில் அறையைச் சூடாக்கும் கருவியின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கின்றன. மூன்றில் வைத்தால் அறை ஏறக்குறைய 20 டிகிரிக்கு வந்து நிற்கும். ஐந்தில் வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் எந்த எண்ணில் வைத்தாலும் சூடேறும் வேகம் ஒன்றுதான். எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது.

ஏற்காட்டுத் தலைச்சோலையில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு இதெல்லாம் தெரிந்தது அங்கே படிக்கப் போன அக்கா மகளால். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும் பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ கட்டி, விசா வாங்கி, அக்டோபர் வகுப்புக்குச் செப்டம்பரிலேயே போய்விட்டாள். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். இவையெல்லாம் அவளிடம் இருந்த பட்டியலில் இருந்தன. திருகு மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. "மாமா, ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுத்தான் தூங்கினேன். பக்கத்து ரூம் அக்கா வந்து காட்டின பிறகுதான் தெரிஞ்சுது" என்றாள்.

எனக்கு உடனே கணித மேதை ராமானுஜனின் கட்டில் நினைவுக்கு வந்தது. நூலகத் துறையின் முன்னோடியான எஸ். ஆர். ரங்கநாதன் 1967-ல் ராமானுஜனைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் அந்தக் கதை இருக்கிறது. சொன்னவர் மகாலனோபிஸ். பிற்பாடு இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், அப்போது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி மாணவர். ராமானுஜனுக்கு முந்தைய ஆண்டே வந்து சேர்ந்தவர்.

ராமானுஜன் 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறி ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். குடுமியை எடுத்தாயிற்று, பூட்ஸும் காலரும் பழகியாயிற்று. முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் நெவிலின் வீட்டில் இருந்தார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் தனி அறை கிடைத்தது. ஒருநாள் அங்கே வந்த மகாலனோபிஸ், இரவில் குளிருக்கு இதமாக இருக்கிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும், அப்படியும் குளிர்வதாகவும் பதில் வந்தது. கம்பளி போதவில்லையோ என்று மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பது தெரியாமல், ராமானுஜன் அந்த மேல்விரிப்புக்கு அடியில், கம்பளிகளுக்கு மேலே படுத்திருக்கிறார். எப்படி நுழைவது என்று மகாலனோபிஸ் செய்து காட்டினார்.

கும்பகோணத்தில் பாயை விரித்துப் படுத்து, காலையில் சுருட்டி மூலையில் வைத்து வளர்ந்தவர் ராமானுஜன். போர்வை என்பது கைக்கு எட்டும் இடத்தில் மடித்துக் கிடப்பது, குளிர்ந்தால் இழுத்துக்கொள்வோம். பிறத்தியார் அவ்வளவு நேர்த்தியாகச் செருகி வைத்திருப்பதைப் பிடித்து உருவ நம் வளர்ப்பில் யாருக்கும் கை வராது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் அடக்கம் இருக்கிறது. அந்த அடக்கத்தின் விலையாக அவர் குளிரில் கிடந்தார். யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டவர் மகாலனோபிஸ். அவர் கேட்காவிட்டால் இன்னும் எத்தனை இரவுகள் அப்படிக் கழிந்திருக்குமோ!

நான் இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையே வந்து குடியேறியவர்களின் மலைதான். அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பூர்வ கதை. எந்தச் சரிவில் சாமை விளையும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்று முதலில் வந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எல்லாவற்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. காட்டித்தர ஆள் இருந்தது.

ஜூன் மாதம் ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளுக்குச் சமவெளிப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு, மூடுபனி, காயாத துணி. பாடம் சொல்ல ஆசிரியர் இருக்கிறார். ஈரச் சாக்ஸை எங்கே உலர்த்துவது, வெந்நீருக்கு எப்போது வரிசையில் நிற்பது என்பதைச் சொல்ல வேண்டியவன் போன வருஷம் இதே பாடுபட்ட பையன்தான். பட்டது மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வருஷத்தில் எல்லாம் பழகிவிடும். இது தெரியாமல் ஒருவர் இருக்க முடியும் என்பதே அப்புறம் நினைவுக்கு வராது.

வெளிநாடு போகிற பிள்ளைக்குப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொடுக்கிறோம்; தெரியாததைக் கூச்சப்படாமல் கேள் என்று புத்தியும் சொல்லி அனுப்புகிறோம். புது ஊரில் கூச்சம் அவ்வளவு லேசில் போகாது. எது தெரியவில்லை என்பதே தெரியாதபோது எதைக் கேட்பது? அதனால் இதை முன்னால் போனவர்களிடம்தான் சொல்லவேண்டும். புதிதாக வந்திருக்கும் பிள்ளையின் அறைக்கு ஒருநாள் போங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று நீங்களே கேளுங்கள்.