கயலுக்குப் பெரியம்மா எழுதுவது

அறந்தாங்கி

அன்புள்ள கயலுக்கு,

உன் அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. நான் சொன்னால் "அக்கா, நீ சும்மா இரு" என்கிறாள். அடுத்த முறை பேசும்போது நீயே நாலு வார்த்தை கண்டித்துச் சொல்.

நீ போனில் சொன்ன செய்தியிலிருந்து என் நினைப்பு இன்னும் நகரவில்லை. வடக்கே ஒரு மாநிலத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து இருப்பைப் பார்க்கும் மென்பொருள், அதில் உன் கையில் ஒரு பகுதி! இத்தனை வருஷம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவளுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும் கண்ணு? ஆனால் ஒன்று சொன்னாயே, "எல்லாம் டாஷ்போர்டில் வந்துவிடும் பெரியம்மா, செயலாளர் தன் அறையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்" என்று, அங்கேதான் எனக்குக் கவலை பிடித்தது. செயலாளருக்கு என்னென்ன தெரியும் என்று வரிசையாகச் சொன்னாய். ஜன்னலில் நிற்கும் மருந்தாளுநருக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வேறு எதையாவது தட்டிக்கொண்டிருப்பாய்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ பிறக்கவே இல்லை. மாத்திரைகள் டப்பாவில் உதிரியாக வரும். மழைக்காலத்தில் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். கேட்டது வராது, கேட்காதது பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இருமல் மருந்து அலமாரி கொள்ளாமல் இருக்கும், பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்காது. வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அரசு தொடங்கியது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து அதன் வழியாக வர ஆரம்பித்தது. பூரணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று உருவாக்கினார். மாவட்டந்தோறும் கிடங்கு, கிடங்குகளைச் சென்னையோடு இணைக்கும் கணினி, எல்லாம் வந்தன. எந்தக் கிடங்கில் எது குறைகிறது, எது காலாவதியை நெருங்குகிறது என்று தலைமையகத்திலிருந்தே பார்த்து, ஒரு மாவட்டத்தில் தேங்கியதை இன்னொரு மாவட்டத்துக்கு மாற்ற முடிந்தது. நீ கல்லூரியில் படித்தபோது இதையெல்லாம் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்வாய்.

ஆனால் எங்களுக்கு விடிவு வந்தது கணினியால் மட்டும் என்று நினைத்துவிடாதே. எங்கள் கைக்கு வந்தது ஒரு பாஸ்புக். வங்கிப் பாஸ்புக் போலத்தான். இந்த மருத்துவமனை இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை நாங்கள் முடிவு செய்வோம். கிடங்கில் எடுத்ததும் அதன் விலை கழிந்து, மீதி எவ்வளவு என்று தெரியும். எங்கள் பகுதியில் கோடையில் ஒன்று தேவைப்படும், ஐப்பசி கார்த்திகையில் வேறொன்று தேவைப்படும். அது ஜன்னலில் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்தப் புத்தகத்தை ஒழுங்காக எழுதினால் அடுத்த மாதம் எனக்கு வேண்டிய மருந்து வரும். அதனால் யாரும் அதட்டாமலே ஒழுங்காக எழுதினோம். கயல், நீ செய்யும் திரையில் இந்த ஒன்றை மட்டும் தேடிப் பார். அதில் எண்ணைப் பதிகிறவருக்கு, பதிந்ததால் அன்றைக்கோ அந்த மாதமோ ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்தவள். என் கடைசி வருஷங்களில் ஒரு பதிவு முறை வந்தது. பெயர் வேண்டாம். காலையெல்லாம் ஓ.பி. கூட்டம், மத்தியானம் நோட்டில் எழுத வேண்டும், சாயங்காலம் அதையே செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து ராத்திரி ஏற்ற வேண்டும். மேலே போன எண் திரும்பி வந்ததே இல்லை. பதியவில்லை என்றால் மட்டும் போன் வரும். கொஞ்ச நாளில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் போன மாத எண்ணையே சற்று மாற்றிப் போட ஆரம்பித்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேலே திரை பச்சையாக இருந்தது, கீழே அலமாரி காலி.

கணினி வருவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயங்களும் உண்டு. எந்தெந்த மருந்து அத்தியாவசியம் என்று பட்டியல், அதுவும் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில். டெண்டரில் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. தகுதி தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். கிடங்குக்கு வரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். சோதிப்பவருக்கு அது யாருடைய மருந்து என்றே தெரியாது. முடிவு வரும் வரை சரக்கு வெளியே போகாது. உதிரி மாத்திரை போய் அட்டை வந்தது, அட்டையில் அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எழுத்து. இதில் எது மென்பொருள், சொல்? ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பிடிவாதமாக எடுத்த முடிவு. உங்களிடம் வேலை கொடுத்தவர்கள் இந்த முடிவுகளை எடுத்துவிட்டார்களா என்று முதலில் கேள். எடுக்காமல் உன்னிடம் திரை மட்டும் கேட்டால், கூட்டத்தில் எழுந்து சொல்லத் தயங்காதே. சின்ன வயசிலிருந்தே உனக்கு நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். இந்த விஷயத்தில் அது கூடாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு ரொம்பப் பயம். போன வருஷம் எவ்வளவு செலவானது என்று பார்த்து அடுத்த வருஷத் தேவையைப் போடுவோம் என்றாய். ஒரு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை நாலு மாதம் இல்லவே இல்லை என்று வை. அந்த நாலு மாதமும் செலவு பூஜ்யம். உன் மென்பொருள் மிச்ச எட்டு மாதச் செலவைப் பன்னிரண்டால் வகுத்தால், இல்லாமல் போனதையே தேவை இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் இன்னும் குறைவாக அனுப்பும். தவித்த ஊர் மேலும் தவிக்கும். இருப்பு இருந்த நாட்களை மட்டும் வைத்து வகுக்கச் சொல். கையில் இல்லை என்று வரும் பூஜ்யத்துக்கும், யாரும் கேட்கவில்லை என்று வரும் பூஜ்யத்துக்கும் திரையில் வித்தியாசம் இருக்க வேண்டும்.

பாம்புக்கடி விஷமுறிவு மருந்து இன்னொன்று. ஆறு மாதம் ஒரு குப்பிகூடச் செலவாகாமல் இருக்கலாம். நகராத சரக்கு என்று கணினி சிவப்புக் கோடு போட்டு, வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லும். அறுவடை நேரத்தில் வரப்பில் கடிபட்டு ஒருவரைத் தூக்கி வருவார்கள். அந்த நேரத்தில் பக்கத்து மாவட்டத்தில் இருப்பு இருக்கிறது என்று திரை காட்டி என்ன பயன்? செலவே ஆகாவிட்டாலும் கையில் இருந்தே தீர வேண்டிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அதை டாக்டர்களைக் கேட்டுப் போடு. நீங்களாகப் போடாதீர்கள்.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. தடுப்பூசிக்கு இ-வின் என்று ஒரு முறை, 2015-இல் வடக்கே சில மாநிலங்களில் தொடங்கியது. தடுப்பூசியை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே வைக்க வேண்டும். சில ஊசி மருந்துகள் உறைந்தாலே கெட்டுவிடும், பார்த்தால் தெரியாது. அந்த முறையில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் கருவி, வெப்பம் மாறினால் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி அனுப்புகிறது. கரண்ட் போன ராத்திரியில் குளிர்பெட்டியை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். இப்படி ஒன்றைச் செய்து கொடு, உன்னைக் கும்பிடுவார்கள்.

நம் மருத்துவப் பணிகள் கழக முறையைப் பார்த்துக் கேரளம் செய்தது, ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 முதல் இலவச மருந்துத் திட்டம் என்றே ஆரம்பித்தது. ஆகவே நீ மென்பொருள் செய்து கொடுக்கும் மாநிலத்திலும் முடியும். தட்டுப்பாடு எங்கேயும் எப்போதாவது வரத்தான் செய்யும். அது முன்கூட்டியே தெரிந்தால் மாற்று மருந்து எழுதச் சொல்லி டாக்டரிடம் நேரத்தோடு சொல்லலாம். அந்த எச்சரிக்கை கிடங்குக்குப் போகும் அதே நேரத்தில் ஜன்னலுக்கும் போகட்டும்.

எனக்காக ஒன்று செய்வாயா? அடுத்த முறை அந்த மாநிலத்துக்குப் போகும்போது, தலைநகரில் மீட்டிங்கை முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடாதே. ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், திங்கட்கிழமை காலை ஓ.பி.யில், மருந்து கொடுப்பவர் பக்கத்தில் போய் உட்கார். போன் எடுக்காதே, கேள்வி கேட்காதே, கூட்டம் தீரும் வரை பார்த்துக்கொண்டிரு. கூட்டம் தீர்ந்ததும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசு. உன் மேனேஜர் நேரம் இல்லை என்றால், பெரியம்மா சொன்னாள் என்று சொல்லாதே, ஆனால் விடாதே.

ராத்திரி ஒரு மணி வரை கண் விழிக்கிறாய் என்று உன் அம்மா புலம்புகிறாள். அது வேண்டாம். வெறும் வயிற்றில் காபி குடிப்பதையும் நிறுத்து. பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகின்றன. இருப்புப் பதியும் திரை தயாரானதும் அதன் படத்தை எனக்கு அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, எதை எடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா