பனியில் பனியன்

வளவனூர் ரயிலடியில் வண்டி ஏறி, புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1968-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ழான்-க்ளோது கில்லி என்ற வீரர் பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வாங்கிய செய்தியை வாத்தியார் வாசித்துக் காட்டினார். குச்சி ஐஸைத் தவிர வேறு பனிக்கட்டியைப் பார்த்திராத நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம்.

ஐம்பத்தொரு வருஷம் கழித்து அந்த மலையிலேயே நின்றேன். மகனுக்குக் கிரெனோபிளில் வேலை. 2019 பிப்ரவரியில், பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு எல்லோருமாக ஷாம்ரூஸுக்குப் போனோம். கில்லி வென்றது அங்கேதான். உயரம் சுமார் 1,650 மீட்டர். நம் ஊட்டி அதைவிட உயரம்தான். ஆனாலும் இங்கே பனிமழை இல்லை, அங்கே முழங்கால் அளவு கிடந்தது.

கிளம்பும்போது மருமகள் மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்றை நீட்டினாள். "வேண்டாம்மா, நாற்பது வருஷமா பருத்தி பனியன்தான். அதுக்கு மேலே எதை வேண்டுமானாலும் போட்டுக்கறேன்" என்றேன். பேரிலேயே பனி இருக்கிறதே என்று தமாஷ் வேறு. பனியன், சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று மூட்டை மாதிரி புறப்பட்டேன்.

பேத்திக்கு ஒன்பது வயது. சறுக்குவண்டியில் அவள் கீழே வருவாள். நான் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பேன். ஐந்து தடவை இழுத்ததில் முதுகெல்லாம் வியர்வை. களைத்துப்போய் பலகையில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் முதுகில் யாரோ குளிர்ந்த நீரை ஊற்றியது போலிருந்தது. பல் கிட்டியது. கோட்டுப் பித்தானைப் போட விரல் வளையவில்லை. "தாத்தா, உங்க உதடு நீலமா இருக்கு" என்று பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள்.

மகன் காருக்குள் உட்கார வைத்துப் பனியனைக் கழற்றினான். பிழிந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும். உடம்பைத் துடைத்துக் கம்பளிச் சட்டையைப் போட்டு, சூடாகக் குடிக்கக் கொடுத்தான். அரைமணியில் தெளிந்தேன். "பனி உங்களை நனைக்கலே தாத்தா, நீங்களே உள்ளேயிருந்து நனைஞ்சுட்டீங்க" என்றாள் பேத்தி.

யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; மெதுவாகத்தான் காயும். அதனால்தான் நம் சித்திரை வெயிலுக்கு அது சுகம். அதே குணம் குளிரில் எமன். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஓரளவு ஈரத்தை வாங்கினாலும் சூட்டை விடாது.

பனியில் விளையாடுகிறவர்கள் மூன்று அடுக்காக உடுத்துகிறார்கள். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர்; நடுவில் சூட்டுக்குத் தடித்த துணி; வெளியே நீர் புகாத, ஆனால் வியர்வை ஆவியை வெளியே விடும் மேல்சட்டை. வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்ற வேண்டும். உட்காரும்போது மறுபடி போட வேண்டும். காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துவிடும். பையில் மாற்றுக் காலுறை எப்போதும் இருக்கும். ராத்திரி ஈர பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆபீஸ் செருப்புக்கு நானும் அதைத்தானே செய்தேன்!

வளவனூரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விடிந்தும் மழை விடவில்லை, மின்சாரம் இல்லை. எதிர்வீட்டு அண்ணன், எண்பது வயது தாண்டியவர், தண்ணீர் புகுந்த வீட்டில் சாமான்களை ஏற்றி வைத்துவிட்டு, நனைந்த வேட்டி பனியனோடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நடுங்கினார். மேலே ஒரு போர்வையைச் சுற்றியிருந்தார். போர்வையும் நனைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, முதல்லே ஈரத்தை அவிழுங்க" என்று வற்புறுத்திக் கழற்ற வைத்தேன். தலை துவட்டி, உலர்ந்த வேட்டி கட்டி, ஷாம்ரூஸில் போட்ட அதே கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டேன். என் மனைவி சுக்குக் காப்பி கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

"இதுவும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துலே சொல்லிக் குடுத்ததா தம்பி?" என்றார்.

"இல்லேண்ணே, பேத்தி சொல்லிக் குடுத்தது" என்றேன்.